பட்ஜெட்டில் வராத செலவு: சிகாகோ நகர மன்றத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

சிகாகோவில் தெருவோரம் காரை நிறுத்திவிட்டு பார்க்கிங் மீட்டருக்குக் கட்டும் காசு மாநகராட்சிக்குப் போவதில்லை. மார்கன் ஸ்டான்லி, அல்லியான்ஸ், அபுதாபி அரசின் முதலீட்டு ஆணையம் எல்லாம் பணம் போட்ட ஒரு தனியார் கம்பெனிக்குப் போகிறது. 2008 டிசம்பரில் ஊரிலிருந்த சுமார் 36,000 மீட்டர்களை 75 வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். கிடைத்தது ஏறக்குறைய 115 கோடி டாலர். அப்போதைய மேயர் ரிச்சர்ட் டேலி திட்டத்தை வெளியிட்ட இரண்டே நாளில் நகர மன்றம் 40க்கு 5 என்று வாக்களித்து முடித்துவிட்டது.

அடுத்த ஆண்டு மாநகராட்சியின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே கணக்குப் போட்டுப் பார்த்தார். மீட்டர்களை நகரமே வைத்திருந்தால் அவற்றின் மதிப்பு இதைவிட 97 கோடி டாலர் அதிகம் என்று அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தின் பெரும்பகுதி சில வருடங்களிலேயே பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கப் போய்விட்டது. குத்தகையோ இந்த நூற்றாண்டின் எண்பதுகள் வரை ஓடும். நடுவில் சைக்கிள் பாதைக்காகவோ தெருத் திருவிழாவுக்காகவோ மீட்டர் இடத்தை எடுத்தால், அதற்கும் கம்பெனிக்கு நகரம் நஷ்டஈடு கட்ட வேண்டும்.

அமெரிக்க ஊர்களில் நகர மன்றம் செய்கிற மூன்று வேலைகளும் இந்த ஒரு வாக்கெடுப்பில் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஊருக்குச் சேவை நடத்துவது. இரண்டு, வரவு செலவைச் சரிக்கட்டுவது. மூன்று, தனியார் தொழிலோடு பேரம் பேசுவது. முதல் இரண்டும் எளிதில் புரியும். மூன்றாவது, அதிலும் குறிப்பாகத் தொழில்களுக்குக் கொடுக்கும் வரிச் சலுகை, பலருக்குப் பிடிபடுவதில்லை. அதில் பணம் வெளியே போவது கண்ணுக்குத் தெரியாது. வர வேண்டியது வராமல் போகும், அவ்வளவுதான். இதை விளக்க சிகாகோவை எடுத்துக்கொள்கிறேன். நல்லது கெட்டது இரண்டுக்கும் அங்கே பஞ்சமில்லை.

யார் கையில் என்ன?

சிகாகோவில் சுமார் 27 லட்சம் பேர் இருக்கிறார்கள். 50 வார்டு, 50 கவுன்சிலர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். மேயரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும் மேயர்தான். எல்லா அமெரிக்க ஊர்களும் இப்படி இல்லை. டல்லாஸ், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் அன்றாட நிர்வாகத்தை மன்றம் நியமிக்கும் நகர மேலாளர் பார்த்துக்கொள்வார். சிகாகோவில் மேயர் கை ஓங்கியிருக்கும்.

குப்பை, பனி அகற்றுதல், குடிநீர், தெருவிளக்கு, போலீஸ், தீயணைப்பு, நூலகம், எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற அனுமதி, இவையெல்லாம் மன்றத்தின் பொறுப்பு. பள்ளிக்கூடங்கள் அதில் இல்லை, அவற்றுக்குத் தனி வாரியம் உண்டு. பூங்காக்களுக்கும் தனி அமைப்பு. நீதிமன்றம், அரசு மருத்துவமனை எல்லாம் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியைச் சேர்ந்தவை. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது. ஆனால் வீட்டுக்காரருக்கு வரும் சொத்து வரி பில் ஒன்றுதான். அதைக் கட்டினால் இவர்கள் அத்தனை பேரும் பிரித்துக்கொள்வார்கள். பெரிய பங்கு, ஏறக்குறைய பாதி, பள்ளிகளுக்குப் போகும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சேவை: பனி விழுந்து மேயரும் விழுந்த கதை

1979 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்புயல். தெருக்களில் பனியை அள்ளி முடிக்க முடியவில்லை. ரயில்களும் தடுமாறின. அடுத்த மாதமே கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல். பதவியில் இருந்த மேயர் மைக்கேல் பிலாண்டிக், ஜேன் பர்னிடம் தோற்றுப்போனார். அன்றிலிருந்து எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்றாலும் சரி, பனி வண்டிகளை முதலில் ஓடவிடாத மேயர் சிகாகோவில் கிடையாது.

கவுன்சிலரைப் பற்றி மக்கள் எடை போடுவதும் இப்படித்தான். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறதா, பள்ளம் அடைத்தாயிற்றா, விளக்கு எரிகிறதா? ஒவ்வொரு வார்டுக்கும் வருடத்துக்கு 15 லட்சம் டாலர் தனியாக ஒதுக்கப்படுகிறது. நடைபாதை, தார், விளக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து கவுன்சிலர் தேர்ந்தெடுப்பதால் அதற்கு ‘மெனு பணம்’ என்றே பெயர். நம்மூர் கவுன்சிலர்களின் வார்டு மேம்பாட்டு நிதிக்கு அண்ணன் என்று சொல்லலாம். 2009இல் 49ஆவது வார்டு கவுன்சிலர் ஜோ மூர், இந்தப் பணத்தை எதில் செலவிடலாம் என்று வார்டு மக்களையே வாக்களிக்கச் சொன்னார். அமெரிக்காவில் மக்கள் நேரடியாக பட்ஜெட் போட்ட முதல் முயற்சி அதுதான்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தன் வார்டில் எந்தக் கட்டடம் வரலாம், வரக்கூடாது என்பதில் அந்தக் கவுன்சிலர் சொல்வதை மற்ற 49 பேரும் பெரும்பாலும் தட்டமாட்டார்கள். சட்டத்தில் எழுதாத பழக்கம் இது. நீ என் வார்டில் தலையிடாதே, நான் உன் வார்டில் தலையிடமாட்டேன் என்ற ஏற்பாடு. பள்ளம் அடைப்பதற்கு இது சரி. பல கோடி டாலர் சலுகைக்கும் இதே பழக்கம் என்றால் கேள்வி கேட்க ஆளிருக்காது.

பட்ஜெட்: பாதிக்கு மேல் ஏற்கெனவே எழுதியாயிற்று

அக்டோபர் வாக்கில் மேயர் பட்ஜெட்டை வைப்பார். டிசம்பர் 31க்குள் மன்றம் நிறைவேற்றியாக வேண்டும். வரவும் செலவும் சமமாக வந்தே தீர வேண்டும் என்பது சட்டம். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு போல நினைத்தபடி கடன் வாங்கிச் சம்பளம் போட முடியாது.

2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட் 1,710 கோடி டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதில் கை வைக்கக்கூடியது குறைவு. போலீஸுக்கு மட்டும் ஏறக்குறைய 200 கோடி. விமான நிலையப் பணம் விமான நிலையத்துக்கே, குடிநீர்க் கட்டணம் குடிநீருக்கே. அப்புறம் பென்ஷன். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் 1970 அரசியல் சட்டப்படி, அரசு ஊழியருக்கு வாக்களித்த பென்ஷனைக் குறைக்க முடியாது. பல வருடம் போட வேண்டிய பணத்தைப் போடாமல் தள்ளிப்போட்டதால் இப்போது 3,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி நிற்கிறது. 2015இல் மேயர் ராம் இமானுவல் காலத்தில் சொத்து வரியை 58.8 கோடி டாலர் ஏற்றினார்களே, அதில் பெரும்பகுதி போலீஸ், தீயணைப்பு வீரர்களின் பென்ஷனுக்குத்தான் போனது. அதே பட்ஜெட்டில்தான் வீட்டுக்கு மாதம் 9.50 டாலர் குப்பைக் கட்டணமும் முதல்முறையாக வந்தது.

சொத்து வரி என்றாலே கவுன்சிலர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். 2024 இலையுதிர் காலத்தில் மேயர் பிராண்டன் ஜான்சன் 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வு கேட்டார். மன்றம் 50க்கு 0 என்று நிராகரித்தது. மேயரின் நெருங்கிய ஆதரவாளர்கள்கூட ஆதரிக்கவில்லை. ஒரு மாதம் இழுபறி. கடைசியில் சொத்து வரியை விட்டுவிட்டு வேறு கட்டணங்களை ஏற்றி, 27க்கு 23 என்று நூலிழையில் பட்ஜெட் தப்பியது.

இந்த வாக்கெடுப்புகளெல்லாம் தொலைக்காட்சியில் வரும், பத்திரிகையில் வரும். 30 கோடிக்கு இவ்வளவு சண்டை. சரி, இனி சண்டையே இல்லாமல் போகிற தொகைகளுக்கு வருவோம்.

சலுகை கொடுத்தால் யார் கட்டுகிறார்கள்?

இதற்கு முதலில் இல்லினாயில் சொத்து வரி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ‘இத்தனை சதவீதம் வரி’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. நகரம், பள்ளி வாரியம், பூங்கா எல்லோரும் ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகையை ஊரிலுள்ள வரிக்குரிய சொத்து மதிப்பால் வகுத்தால் விகிதம் வரும்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். வரிக்குரிய மதிப்பு மொத்தம் 100 கோடி டாலர். ஊருக்குத் தேவை 1 கோடி. ஆக வரி 1 சதவீதம். 3 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்காரர் 3,000 டாலர் கட்டுவார்.

இப்போது ஊருக்கு ஒரு பெரிய கிடங்கு வருகிறது, மதிப்பு 20 கோடி. அதையும் சேர்த்தால் மொத்தம் 120 கோடி. தேவை அதே 1 கோடிதான். விகிதம் 0.83 சதவீதமாக இறங்கும். நம் வீட்டுக்காரருக்கு வரி 2,500 டாலர். ஊருக்குத் தொழில் வந்தால் நல்லது என்பது இதனால்தான்.

ஆனால் ‘வரி விலக்கு கொடுத்தால்தான் வருவேன்’ என்று கிடங்குக்காரர் சொல்ல, மன்றமும் முழு விலக்கு கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பழையபடி 3,000 கட்டுவார். வரி ஏறவில்லை என்பதால் அவருக்கு எதுவும் தோன்றாது. வந்திருக்க வேண்டிய 500 டாலர் குறைப்பு வரவில்லை என்று அவருக்கு யாரும் கடிதம் போடப்போவதில்லை. அதோடு, கிடங்குக்கு வரும் லாரிகளுக்குச் சாலை, தீப்பிடித்தால் வண்டி, வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, இதெல்லாம் ஊர் செலவில்.

மறுபக்கமும் இருக்கிறது. விலக்கு கொடுக்காவிட்டால் அந்தக் கிடங்கு வந்தே இருக்காது என்றால் வரியில் ஊருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவர் எப்படியும் 3,000தான் கட்டியிருப்பார், கூடுதலாக நான்கு பேருக்கு வேலை. ஆக மொத்த விவகாரமும் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்தச் சலுகை இல்லாமலே வந்திருப்பார்களா, மாட்டார்களா? எதிரில் இருப்பவர் மனசுக்குள் இருக்கிற பதில் அது. கம்பெனி சொல்வதைத்தான் மன்றம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. சலுகை கேட்கிறவர் ‘இல்லாமலும் வருவேன்’ என்று எதற்காகச் சொல்லப்போகிறார்?

நிஜ உதாரணம் ஒன்று. குக் கவுண்டியில் ஒரு வீட்டின் சந்தை மதிப்பில் 10 சதவீதத்தை வரிக்குரிய மதிப்பாக எடுப்பார்கள். கடை, தொழிற்சாலை என்றால் 25 சதவீதம். ‘வகுப்பு 6பி’ என்றொரு சலுகை இருக்கிறது. புதிதாகக் கட்டும் அல்லது காலியாகக் கிடந்து மறுபடி திறக்கும் தொழிற்கூடத்துக்கு 10 வருடம் வீட்டுக் கணக்கிலேயே 10 சதவீதம்தான். 11ஆம் வருடம் 15, 12ஆம் வருடம் 20, அதன் பிறகு பழையபடி 25. 1 கோடி டாலர் மதிப்புள்ள தொழிற்கூடத்துக்கு 25 லட்சத்துக்குப் பதிலாக 10 லட்சத்துக்குத்தான் வரி. பத்து வருடத்துக்கு வரி அறுபது சதவீதம் குறைவு. இதைப் பெற உள்ளூர் மன்றத்தின் தீர்மானம் வேண்டும், ‘இந்தச் சலுகை அவசியம்’ என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதுவது சுலபம். இத்தகைய தீர்மானங்கள் நிகழ்ச்சி நிரலில் மற்ற நூறு விஷயங்களோடு விவாதமே இல்லாமல் போய்விடும்.

டிஃப்: வளர்ச்சியைத் தனிப் பெட்டியில் போடுவது

சிகாகோவில் அரசியல்வாதி முதல் டாக்ஸி ஓட்டுநர் வரை எல்லோர் வாயிலும் வரும் சொல் டிஃப் (TIF, Tax Increment Financing), அதாவது கூடுகிற சொத்து வரியை வைத்து நிதி திரட்டுவது. கலிஃபோர்னியாவில் 1952இல் தொடங்கிய முறை இது. இல்லினாயில் 1977இல் சட்டமானது. 1984இல் மேயர் ஹெரால்டு வாஷிங்டன் காலத்தில் சிகாகோவின் முதல் டிஃப் நகர மையத்தில் வந்தது.

விஷயம் இதுதான். நலிந்துபோன ஒரு பகுதியைச் சுற்றி மன்றம் கோடு போடும். அன்றைய சொத்து மதிப்பைக் குறித்துவைக்கும். அடுத்த 23 வருடத்துக்குப் பள்ளி, பூங்கா, நகரம் எல்லோருக்கும் அந்தப் பழைய மதிப்பின் மேல் வரும் வரி மட்டும்தான். அதற்கு மேல் மதிப்பு ஏற ஏற வருகிற வரியெல்லாம் தனிப் பெட்டிக்குப் போகும். அந்தப் பணத்தில் அந்தப் பகுதிக்குச் சாலை போடலாம், பாலம் கட்டலாம், கட்டட நிறுவனத்துக்கு உதவலாம். நம் கற்பனை ஊரில் 20 கோடி கிடங்கு டிஃபுக்குள் வந்தால், 1 சதவீத வரியாக அது கட்டும் 20 லட்சம் டாலர் முழுதும் பெட்டிக்குள் போகும். வீட்டுக்காரருக்கு அதே 3,000.

கோடு போடுவது நகர மன்றம். கோட்டுக்குள் வளரும் வரியில் பாதி பள்ளிக்கூடத்தினுடையது. மன்றம் தாராளமாக இருப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பணத்தில்தான். சமீப வருடங்களில் சிகாகோவின் டிஃப் பெட்டிகளுக்குள் வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகிறது. மன்றம் 50க்கு 0 என்று தள்ளிய சொத்து வரி உயர்வைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்தப் பணம் மேயரின் பட்ஜெட் உரையில் முக்கிய இடம் பிடிப்பதில்லை. பற்றாக்குறை வந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து ‘உபரி’ என்று கொஞ்சம் எடுப்பார்கள். அப்போது பள்ளிகளுக்கும் அவர்கள் பங்கு திரும்பும்.

டிஃபே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஊரின் வடக்கே போகும் பழைய ரயில் பாதையைப் புதுப்பிக்க 2016இல் ஒரு தனி டிஃப் போட்டார்கள். பள்ளிகளின் பங்கைத் தொடாமல் சட்டம் எழுதினார்கள். அது சரியான வேலை. நலிந்த பகுதிக்கு என்று வந்த முறையை வளமான பகுதிக்கு நீட்டுவதுதான் பிரச்சினை.

2019 ஏப்ரலில் அதுதான் நடந்தது. சிகாகோ ஆற்றின் வடகிளையில், பழைய எஃகு ஆலை இருந்த நிலத்தில், லிங்கன் யார்ட்ஸ் என்று 600 கோடி டாலர் திட்டம். சுற்றிலும் லிங்கன் பார்க், பக்டவுன் என்று பணக்காரக் குடியிருப்புகள். இந்த இடத்தையும் நலிந்த பகுதிக் கணக்கில் சேர்த்து 130 கோடி டாலர் வரை டிஃப் கொடுக்க ஏற்பாடு. தெற்கே ‘தி 78’ என்ற இன்னொரு திட்டத்துக்கு 110 கோடி. மேயர் இமானுவலின் பதவிக்காலம் முடிய சில வாரங்கள்தான் இருந்தன. அடுத்த மேயராக லோரி லைட்ஃபுட் ஏப்ரல் 2 அன்று தேர்தலில் ஜெயித்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் வாக்கெடுப்பை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 10 அன்று பழைய மன்றமே இரண்டையும் நிறைவேற்றியது. புதிய கவுன்சிலர்கள் வந்து உட்காரும்போது வேலை முடிந்திருந்தது.

அதன்பின் கொரோனா, வட்டி உயர்வு, அலுவலகங்களுக்கு ஆள் வராத காலம். லிங்கன் யார்ட்ஸில் ஓர் ஆய்வகக் கட்டடம் எழுந்ததோடு சரி. 2025இல் நிலத்தின் ஒரு பகுதி கடன் கொடுத்த வங்கியின் கைக்குப் போனது. அப்படியானால் 130 கோடி போய்விட்டதா என்றால், இல்லை. அந்த ஒப்பந்தத்தில் முதலில் கட்டுமான நிறுவனம் தன் பணத்தில் சாலை, பாலம் போட வேண்டும், வளர்ந்த வரியிலிருந்துதான் நகரம் திருப்பிக் கொடுக்கும். வளர்ச்சி வரவில்லை, கொடுக்க வேண்டியதும் வரவில்லை. இந்த ஒரு நிபந்தனை நகரத்தைக் காப்பாற்றியது. சலுகை ஒப்பந்தம் என்று காதில் விழுந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: பணம் முன்னால் போகிறதா, வேலை நடந்த பிறகு போகிறதா?

வந்தவர் போனால்?

2001இல் போயிங் தன் தலைமை அலுவலகத்தை சியாட்டிலிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்தது. டல்லாஸ், டென்வர், சிகாகோ மூன்றும் போட்டி. எந்த ஊர் என்பதைக் கடைசிவரை மூடி வைத்திருந்தார்கள். தலைவர் ஏறிய விமானத்துக்கு மூன்று ஊர்களுக்கும் பயணத் திட்டம் பதிவாகியிருந்தது. அது சிகாகோவில் வந்து இறங்கியது. மாநிலமும் நகரமும் சேர்ந்து 20 வருடத்துக்கு 6 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்தன. கிடைத்தது ஏறக்குறைய 500 வேலை. சலுகைக் காலம் முடிந்ததும், 2022 மே மாதம், தலைமை அலுவலகம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்குப் போகிறது என்று போயிங் சொல்லிவிட்டது.

அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆர்லிங்டன் ராணுவத் தலைமையகத்தின் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சலுகையால் வந்தவர் சலுகையோடு போவார் என்ற பயம் எல்லா ஊருக்கும் உண்டு. கான்சஸ் சிட்டியில் இது கேலிக்கூத்தாகவே நடந்தது. அந்தப் பெருநகரின் நடுவில் ஒரு தெருதான் மிசௌரி, கான்சஸ் மாநிலங்களுக்கு எல்லை. 2011இல் ஆப்பிள்பீஸ் உணவகக் கம்பெனி தன் அலுவலகத்தைக் கான்சஸிலிருந்து மிசௌரிப் பக்கம் மாற்றியது. அதே வருடம் ஏஎம்சி திரையரங்கக் கம்பெனி மிசௌரியிலிருந்து கான்சஸ் பக்கம் போவதாக அறிவித்தது. இரண்டுக்கும் சலுகை. ஊழியர்கள் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு வேறு பக்கம் வண்டி ஓட்டினார்கள். ஊருக்கு ஒரு வேலைகூடக் கூடவில்லை. நான்கே வருடத்தில் ஆப்பிள்பீஸ் கலிஃபோர்னியாவுக்கே போகப் போவதாகச் சொல்லிவிட்டது. 2019இல் இரு மாநிலங்களும் இந்தப் போட்டியை நிறுத்திக்கொள்வதாக உடன்பட்டன.

இதைப் பல வருடம் ஆராய்ந்தவர் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் திமோதி பார்ட்டிக். பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2018இல் அவர் சொன்னது: சலுகை பெற்ற கம்பெனிகளில் 2 முதல் 25 சதவீதம்தான் அந்தச் சலுகையால் மனசு மாறியவை. மற்றவை எப்படியும் அங்கேதான் வந்திருக்கும். 25 என்றே எடுத்துக்கொண்டாலும் நான்கில் மூன்று பேருக்குக் கொடுத்தது வீண்.

ஆனாலும் மன்றங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ரிப்பன் வெட்டும் படத்தில் கவுன்சிலர் இருப்பார். வராத வரிக்குப் படம் எடுக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் அசிங்கமானது. சிகாகோ மன்றத்தின் நிதிக் குழுவுக்குப் பல்லாண்டு காலம் தலைவராக இருந்தவர் எட்வர்ட் பர்க். 1969 முதல் 2023 வரை 54 வருடம் கவுன்சிலர். கூடவே அவருக்கு ஒரு வக்கீல் அலுவலகமும் இருந்தது. பெரிய கட்டடங்களின் சொத்து வரியைக் குறைத்துக் கொடுப்பது அதன் தொழில். அனுமதிக்காக மன்றத்துக்கு வந்தவர்களைத் தன் அலுவலகத்துக்கு வரி வழக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்கினார் என்று வழக்கு வந்தது. 2023 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த ஆண்டு இரண்டு வருட சிறைத் தண்டனை.

நம்மூரில் இந்தக் கதை வேறு மாதிரி. சென்னை மாமன்றத்தில் 200 வார்டு இருந்தாலும் ஒரு கம்பெனிக்கு ‘பத்து வருடம் வரி வேண்டாம்’ என்று பேரம் பேசி எழுதிக் கொடுக்கும் பழக்கம் மன்றத்துக்கு இல்லை. சொத்து வரியைச் சீக்கிரம் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி என்கிற அளவுதான். முத்திரைத் தீர்வை, மின்சார வரி, ஜிஎஸ்டி திருப்பித் தருதல் போன்ற பெரிய சலுகைகளெல்லாம் மாநில அரசின் கோட்டையில் முடிவாகின்றன. ஆகவே போட்டியும் ஊருக்கு ஊர் இல்லாமல் மாநிலத்துக்கு மாநிலம் நடக்கிறது.

எங்கே பார்ப்பது?

சிகாகோ மன்றத்துக்கு ஒரு முன்மொழிவு வந்தால் முதலில் அது குழுவுக்குப் போகும். டிஃப் என்றால் நிதிக் குழு. உண்மையான கேள்விகள் கேட்கப்படும் இடம் அதுதான், பெரிய மண்டபத்தில் கையைத் தூக்குவது பெரும்பாலும் சடங்கு. மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு 3 நிமிடம் பேசலாம். அரசு கணக்கியல் தரங்களை வகுக்கும் வாரியம் 2015இல் 77ஆம் எண் விதி கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு நகரமும் ஆண்டுக் கணக்கறிக்கையின் குறிப்புகளில், விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்று டாலர் கணக்கில் எழுத வேண்டும். பட்ஜெட்டில் இல்லாதது அங்கே இருக்கும், பின்பக்கங்களில், சின்ன எழுத்தில்.

மறுபுறம், காலம் முடிந்த டிஃப்களை நீட்டிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது ஒரு சோதனை நடக்கிறது. 2024 ஏப்ரலில் மன்றம் 125 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தை 32க்கு 17 என்று ஏற்றது. பழைய டிஃப்கள் ஒவ்வொன்றாக முடியும்போது பெட்டிக்குள் போன வரி பொதுக் கணக்குக்குத் திரும்பும், அதில் நகரத்தின் பங்கை வைத்து கடனை அடைப்பார்கள். கிடைக்கும் பணம் வீட்டு வசதிக்கும் சிறுதொழிலுக்கும். இது எப்படிப் போகும் என்பது எந்தத் திட்டத்துக்கு யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் ஒவ்வொரு செலவுக்கும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எதிர்த்தவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அவசர அவசரமாக ஏதாவது வாக்கெடுப்புக்கு வந்தால் அதை நிறுத்த ஒரு வழி இருக்கிறது. குழு அறிக்கை மன்றத்துக்கு வரும் அன்று எந்த இரண்டு கவுன்சிலர் சேர்ந்து கேட்டாலும் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பான்மையும் தேவையில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரைத் தெரிந்திருந்தால் போதாது, பக்கத்து வார்டுக்காரரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.